பதினான்கு அங்குலப் பொய்

அத்தியாயம் 6

ஒரே கதவில் இரண்டு பூட்டு தொங்கினால் உள்ளே புதையல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சொந்தக்காரர்களுக்குள் சண்டை இருக்க வேண்டும். ராயப்பன்பட்டிக்கு மேற்கே, திராட்சைப் பந்தலுக்கு நடுவில் நின்ற அந்த மோட்டார் ரூமைப் பார்த்ததும் சின்னக்கருப்புக்கு விஷயம் புரிந்துவிட்டது. புதையல் இருக்கிற கதவுக்கு யாரும் இவ்வளவு ஓட்டை விட மாட்டார்கள்.

"மேடம், மேல தொங்குறது புதுப் பூட்டு. கீழ தொங்குறது அதவிடப் புதுப் பூட்டு. பூட்டுக் கடைக்காரனுக்கு நல்ல நேரம் போல."

"மேல உள்ளது மதன்குமாரு பூட்டு. கீழ உள்ளது என் பூட்டு" என்றாள் மகாலட்சுமி. "நாலு நாளைக்கு முன்னால அவன் வந்து பூட்டுனான். அவன் அந்தப் பக்கம் போனதும் நானும் பூட்டுனேன். எனக்குத் தண்ணி இல்லேன்னா அவனுக்கும் இல்ல."

சின்னக்கருப்புக்கு அந்தப் பெண்மணியை உடனே பிடித்துப் போயிற்று. சின்னக்கருப்பு இருபத்திரண்டு வருடம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டியவர். மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களின் வாய்க்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவருடைய வாய் கூர்மையானது. மூன்று வருடமாக அந்த ஜீப்பும் அந்த வாயும் தேனியின் ஒரே பெண் துப்பறிவாளர் ஜெபஷீலாவிடம் வேலை பார்க்கின்றன.

ஜெபஷீலா பேப்பர் கடைக்காரர் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேனி பஜாரில் அப்பாவின் கடைக்கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து குயர் குயராகத் தாள் எண்ணியவள். மற்ற துப்பறிவாளர்கள் துப்பாக்கி வைத்திருப்பார்கள் என்று சின்னக்கருப்பு நம்பிக்கொண்டிருந்தார். இவள் கைப்பையில் ஒரு இரும்பு ஸ்கேலும் பென்சிலும்தான் இருந்தன.

"இன்னொரு தடவை சொல்லுங்க மகாலட்சுமியக்கா. முதல்ல இருந்து" என்றாள் ஜெபஷீலா.

கதை சிக்கலில்லாதது. மகாலட்சுமியின் மாமனார் முத்துராமலிங்கமும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வெட்டிய கிணறு இது. 1997இல் இருவரும் உத்தமபாளையத்தில் ஒரு குடும்ப ஏற்பாடு எழுதிக்கொண்டார்கள். தமிழ் டைப்ரைட்டரில் அடித்த இரண்டு பச்சைத் தாள். வாரத்தில் நான்கு நாள் முத்துராமலிங்கம் வீட்டுக்குத் தண்ணீர், மூன்று நாள் அண்ணன் வீட்டுக்கு. இருந்த ஒரே பிரதி அண்ணன் வீட்டுப் பெட்டிக்குள் போனது. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் இப்போது இல்லை. மகாலட்சுமியின் கணவரும் போய் ஆறு வருடமாகிறது.

இந்த நேரத்தில்தான் அந்த அண்ணனின் மகன் மதன்குமார் லோயர் கேம்ப் பக்கம் ஒரு விடுதி கட்டினான். விடுதிக்கு நீச்சல்குளம் தேவைப்பட்டது. நீச்சல்குளத்துக்கு டேங்கர் டேங்கராகத் தண்ணீர் தேவைப்பட்டது. பெட்டிக்குள் கிடந்த பச்சைத் தாளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனான். அந்தத் தாளில் முறையும் இல்லை, நாளும் இல்லை. கிணற்றில் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை என்று முத்துராமலிங்கம் எழுதிக் கொடுத்ததாக இருந்தது.

"கையெழுத்து?"

"எங்க மாமனாரு போட்டதுதான். அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவரு தண்ணிய எழுதிக் குடுக்குற மனுசன் இல்ல. இந்தக் கெணத்துல அவரு வெரலு ரெண்டு போயிருக்கு தாயி, வெடி வச்சப்ப." மகாலட்சுமி பந்தலில் இருந்து ஒரு கொத்தை இழுத்துக் காட்டினாள். பச்சைப் பயறு அளவுக்குக் காய் பிடித்திருந்தது. "இன்னும் பத்து நாளு தண்ணி இல்லேன்னா இம்புட்டும் சுருங்கிப் போகும். சமாதானமாப் போங்க, வேற போர் போட்டுக்கங்கன்னு சொல்றாக. எதுக்குப் போடணும்? என் கெணறு இங்கன இருக்கு. பந்தலு காஞ்சாலும் காஞ்ச பந்தலுக்கு அடியிலதான் ஒக்காந்திருப்பேன். எந்திரிக்க மாட்டேன்."

அன்று மாலை மூன்று மணிக்குத் தாசில்தார் முன்னால் விசாரணை. அசலோடு வர வேண்டும் என்று மதன்குமாருக்கு உத்தரவு. மகாலட்சுமிக்கு அனுப்பப்பட்ட ஜெராக்ஸ் காப்பி ஜெபஷீலா கையில் இருந்தது. தாலுகா ஆபீஸ் சீல் போட்ட இரண்டு ஏ4 தாள்.

அதை மோட்டார் ரூம் படியில் விரித்து வைத்து ஸ்கேலை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஐந்து அங்குலம் அளந்து, அதற்குள் இருந்த வரிகளை எண்ணினாள். பதினைந்து. இரண்டாம் பக்கத்திலும் அதே ஐந்து அங்குலம். பதினெட்டு.

"கருப்பண்ணே, நீங்க எண்ணுங்க."

சின்னக்கருப்பு எண்ணினார். "முதல்ல பதினஞ்சு, அடுத்ததுல பதினெட்டு. ரெண்டாம் பக்கத்துல டைப் அடிச்சவரு கொஞ்சம் நெருக்கி ஒக்காந்துட்டாரு போல. நம்ம தோட்டத்து ஜீப்பு மாதிரி."

"ஜீப்புல நெருக்கலாம். மெசின்ல முடியாது. ரெட்டை இடைவெளி வச்சா டைப்ரைட்டரு அங்குலத்துக்கு மூணு வரிதான் நகரும். அஞ்சு அங்குலத்துக்குப் பதினஞ்சு. முதல் பக்கம் சரியா இருக்கு. ரெண்டாம் பக்கத்துல எப்படிப் பதினெட்டு வந்துச்சு?"

"நீங்களே சொல்லிருங்க. எனக்கு வெயிலு ஏறுது."

"பழைய பத்திரத் தாளு லீகல் சைசு. நீளம் பதினாலு அங்குலம். ஏ4 பன்னெண்டு அங்குலம்கூட இல்ல. பதினாலு அங்குலத்த அதுக்குள்ள கொண்டு வரணும்னா ஜெராக்ஸ் மெசின் சுருக்கித்தான் ஆகணும். சுருக்கினா ஆறு அங்குலத்துல இருந்த பதினெட்டு வரி அஞ்சு அங்குலத்துக்குள்ள வந்துரும். ரெண்டாம் பக்கம் சுருங்கியிருக்கு. முதல் பக்கம் சுருங்கவே இல்ல. ஏன்னா அது பொறக்கும்போதே ஏ4."

மகாலட்சுமி மெதுவாக எழுந்து நின்றாள். "அப்ப முதல் தாளு அன்னைக்கு அடிச்சது இல்லையா?"

"கையெழுத்து ரெண்டாம் பக்கத்துல மட்டும்தான் இருக்கு. அத அப்படியே வச்சுக்கிட்டு முதல் பக்கத்த மட்டும் புதுசா அடிச்சுச் சொருகியிருக்காக. நீங்க மூணு மணிக்கு ஆபீசுக்கு வந்துருங்கக்கா. நாங்க ஒரு ஆளப் பாத்துட்டு வாறோம்."

அந்த ஆள் ஸ்டீவன். உத்தமபாளையத்தில் தாலுகா ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். முன்பு அதே இடத்தில் அவன் அப்பா டைப்பிங் வைத்திருந்தார். 1997 பத்திரத்தை அடித்தவர் அவர்தான் என்று இரண்டாம் பக்கத்தின் அடியிலேயே இருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் சின்னக்கருப்பின் கண் மேல் பலகைக்குப் போயிற்று. ரெக்சின் உறை போட்ட பழைய டைப்ரைட்டர். பலகை முழுக்க விரல்கடை தடிமனுக்குத் தூசி. உறையின் மேல் மட்டும் தூசி இல்லை. மேடத்தின் முழங்கையை லேசாக இடித்தார். அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் பார்க்காத மாதிரி நின்றதிலேயே தெரிந்தது.

"தம்பி, லீகல் சைஸ் பச்சைத் தாள் இருக்கா?"

"அதெல்லாம் இப்ப யாரு மேடம் வச்சிருக்கா? எங்ககிட்ட பச்சைத் தாளும் ஏ4தான்."

"இங்கன இல்லையா? அப்ப தேனி பஜாருக்குத்தான் போகணும். அங்கன ஒரு கடையில பழைய ஸ்டாக்கு கெடக்காம். சரி, இத ஒரு காப்பி போடுங்க."

காப்பியை நீட்டியவள் அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. சின்னக்கருப்பின் பக்கம் திரும்பி, கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"கருப்பண்ணே, இன்னைக்கு மூணு மணிக்கு மதன்குமாரு கதை முடிஞ்சுச்சு. முதல் பக்கம் ஏ4, ரெண்டாம் பக்கம் லீகல். அசல மேசையில வச்சாலே ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டைன்னு தெரிஞ்சுரும். ஸ்கேலுகூட வேணாம்."

ஸ்டீவனின் கை காப்பி மெசின் மூடியில் அப்படியே நின்றது. பிறகு காப்பியைக் கொடுத்து, காசு வாங்க மறந்து, "வேற எதும் வேணுமா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

ஜீப்பில் ஏறியதும் சின்னக்கருப்பு வெடித்தார்.

"மேடம், நான் குமுளி செக்போஸ்ட்ல எத்தனையோ புத்திசாலிகளப் பாத்திருக்கேன். மடியில என்ன இருக்குன்னு போலீசுகிட்ட தானாச் சொன்ன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன். அவன் இந்நேரம் மதன்குமாருக்குப் போன் போட்டிருப்பான்!"

"போட்டிருக்கணும்."

"மூணு மணிக்குள்ள தாள மாத்திருவாக!"

"மாத்தட்டும்."

"அந்த அக்கா நம்மள நம்பி அங்கன பந்தலுக்கடியில ஒக்காந்திருக்கு!" விளையாட்டுப் பேச்சு பேசுகிறவருக்குக் கோபம் வந்தால் அது அவருக்கே புதுச் சட்டை மாதிரி உறுத்தும். மேடத்திடம் இவ்வளவு சத்தமாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜெபஷீலா கோபப்படவில்லை. "ரெண்டு சைஸ் தாளக் காட்டி என்ன செய்ய முடியும் கருப்பண்ணே? 'அன்னைக்குக் கடையில நெட்டைத் தாள் ஒண்ணுதான் இருந்துச்சு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. அது சந்தேகம். சந்தேகத்த வச்சுக்கிட்டு கெணத்த வாங்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். ஆனால் சாப்பிடவில்லை. அவள் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டாள். பன்னிரண்டரைக்கு அவளுடைய போனில் ஒரு போட்டோ வந்தது. பார்த்தாள், இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டாள். அது என்ன என்று கேட்க சின்னக்கருப்பின் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்குத் தாசில்தார் அறையில் மதன்குமார் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் சாட்சிக்கு ஸ்டீவன். சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருந்தான்.

தாசில்தார் ஒரு நடுவயதுப் பெண். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அசல் எங்கே?"

மதன்குமார் உறையிலிருந்து எடுத்து வைத்தான். இரண்டு தாள். இரண்டும் பச்சை, இரண்டும் பழுப்பேறியவை, இரண்டும் பதினான்கு அங்குலம். அடுக்கினால் ஓரத்துக்கு ஓரம் பொருந்தின.

"ஏதோ ஒரு தாள் குட்டையா இருக்குன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாகளாம்" என்று சிரித்தான். "அளந்து பாத்துக்கங்க மேடம். எங்க மதினிக்கு இந்த வெயில்ல பாவம், யாரோ எதையோ சொல்லிக் குடுத்து அலைய விடுறாக."

சின்னக்கருப்புக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியே நழுவுவது போல இருந்தது. மகாலட்சுமியைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அவள் குனியவில்லை. "யாரும் சொல்லிக் குடுக்கல. கெணறு என்னுது" என்றாள், தாசில்தாரை நேராகப் பார்த்து.

ஜெபஷீலா எழுந்தாள். "முதல் பக்கம் எந்த வரியில முடியுதுன்னு படிக்கச் சொல்லுங்க மேடம்."

தாசில்தார் படித்தார். "'...மேற்படி கிணற்றின் பேரில் எனக்கோ என்' - அதோடு நிக்குது. அடுத்த பக்கத்துல 'வாரிசுகளுக்கோ'ன்னு தொடருது."

"அந்த வரிக்குக் கீழ எவ்வளவு இடம் சும்மா கெடக்கு?"

இரும்பு ஸ்கேலை அவளே நீட்டினாள். தாசில்தார் அளந்தார். மூன்றரை அங்குலம்.

"அங்குலத்துக்கு மூணு வரி. இன்னும் ஏழெட்டு வரி தாராளமா அடிக்கலாம். ஆனா அடிச்சவரு பாதி வாக்கியத்துல நிறுத்திட்டு, இம்புட்டு எடத்தையும் விட்டுட்டு, தாள உருவிட்டு அடுத்த தாளு போட்டிருக்காரு. ஸ்டீவனோட அப்பா தாள வீணாக்குற ஆளு இல்ல மேடம். ரெண்டாம் பக்கத்தப் பாருங்க, விளிம்பு வரைக்கும் அடிச்சு, கையெழுத்த ஓரத்துல ஒண்டிக்கிட்டுப் போட வச்சிருக்காரு."

"தேனிக்கு டிக்கெட்டு எடுத்தவன் சின்னமனூர்லயே எறங்கி நடந்த மாதிரி" என்றார் சின்னக்கருப்பு. அவருக்கு மெல்ல மெல்ல உயிர் வந்துகொண்டிருந்தது.

"அடிச்சவரு செத்துட்டாரு. ஏன் இடம் விட்டாருன்னு அவரைத்தான் கேக்கணும்" என்றான் மதன்குமார்.

"கேக்க வேணாம். நான் சொல்றேன். இந்த இருபத்தேழு வரியும் ஒரு ஏ4 தாளுக்குன்னு அளவெடுத்து எழுதினது. அதுல கச்சிதமா நெறையும். அந்தத் தாளோட காப்பி இந்த ஆபீஸ் ஃபைலுக்குள்ள சீல் வாங்கி ஒக்காந்திருச்சு. இன்னைக்கு அவசர அவசரமாத் தாள மாத்த வேண்டியதாப் போச்சு. ஆனா ஒரு வரிகூட கூட்ட முடியல, கொறைக்க முடியல. ஃபைல்ல உள்ளதோட ஒத்துப் போகணுமே! நெட்டைத் தாளுல குட்டைத் தாளு சரக்க எறக்கி வச்சாக. மிச்சம் மூணரை அங்குலம்."

மதன்குமார் அப்போதும் அசரவில்லை. "இதெல்லாம் வாய்க்கணக்கு மேடம். காப்பியும் அசலும் ஒரு எழுத்து மாறாம இருக்கு. வேணும்னா ஒப்பிட்டுப் பாருங்க."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் ஜெபஷீலா. "ஒப்பிட்டுப் பாருங்க."

தாசில்தார் சீல் போட்ட காப்பியையும் அசலையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். சின்னக்கருப்பும் அழைக்காமலே பின்னால் போய் நின்றார். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றுதான். ஆனால் காப்பியின் ஒன்பதாவது வரியில், தவறாக அடித்த ஒரு எழுத்தின் மேலேயே இன்னொரு எழுத்தை அடித்த கரும்புள்ளி இருந்தது. அசலில் அந்த இடம் பளிச்சென்று இருந்தது. அசலில் இருபத்தோராவது வரியில் அதே மாதிரி ஒரு கரும்புள்ளி. காப்பியில் அது இல்லை.

"ரெண்டு தடவை அடிச்சா வார்த்தை ஒண்ணா வரும். கை தவறுற இடம் ஒண்ணா வராது" என்றாள் ஜெபஷீலா. "காப்பியில இருக்குற தப்பு அசல்ல இல்லேன்னா, அந்தக் காப்பி எதுல இருந்து எடுத்தது? ஒரு பத்திரத்துக்கு எத்தனை முதல் பக்கம் மேடம்?"

தாசில்தார் திரும்பி மதன்குமாரைப் பார்க்கவில்லை. ஸ்டீவனைப் பார்த்தார். சரியான ஆளைத்தான் பார்த்தார்.

"எனக்கு... நான் ஒண்ணும்..." என்றான் ஸ்டீவன்.

ஜெபஷீலா போனை மேசையில் வைத்தாள். மத்தியானம் ரசத்தோடு வந்த போட்டோ. தேனி பஜாரில் ஒரு பேப்பர் கடைக் கவுண்டர். லீகல் சைஸ் பச்சைத் தாள் ஐந்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது சாட்சாத் ஸ்டீவன். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

"இருபது வருசமா விக்காம பழுப்பேறிக் கெடந்த ஸ்டாக்கு. இன்னைக்குத்தான் வித்துச்சு. வாங்க வர்ற ஆளப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். எங்க அப்பாவுக்கு அம்புட்டு சந்தோசம்" என்றாள்.

"ஒங்க... அப்பாவா?"

"ஏலே தம்பி" என்றார் சின்னக்கருப்பு, "தேனியில எத்தனையோ கடை இருக்கு. நீ துப்பறியுற அம்மாவோட வீட்டுக் கடையிலயே போயி தாளு வாங்கியிருக்கியே!"

ஸ்டீவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு எல்லாம் தானாக வந்தது. முதலில் அடித்தது போன மாதம், இரண்டாவது அடித்தது இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு. 1997இல் அடித்த உண்மையான முதல் பக்கத்தை மதன்குமார் அவன் கடையிலேயே கிழித்துப் போட்டான். கிழிப்பதற்கு முன்னால் அதை ஒரு காப்பி எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்திருக்கிறான் ஸ்டீவன். நாளைக்கு மதன்குமார் தன்னையே மாட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எடுத்தது. "அதுல நாலு நாளு மொறைன்னு இருக்கு மேடம். சுருக்கித்தான் எடுத்தேன்" என்றான், அழுகிற குரலில்.

தாசில்தார் தாள்களை எல்லாம் ஒரு உறைக்குள் போட்டு ஒட்டினார். போலீசுக்கு எழுதப் போவதாகச் சொன்னார். தண்ணீர் முறை பழையபடி நடக்கும், மோட்டார் ரூம் சாவியை இப்போதே அந்தம்மாவிடம் கொடுங்கள் என்றார்.

மதன்குமார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். மகாலட்சுமி பக்கம் பார்க்காமலே கையை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"மதினி, சாவி."

"எனக்கு எதுக்கு? பூட்டு ஒன்னுது" என்றாள் மகாலட்சுமி. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "பட்டப்பகல்ல, நாலு பேரு பாக்க வந்து பூட்டுன. அதே மாதிரி பட்டப்பகல்ல வந்து நீயே தொற. ஒன் பூட்ட நீ எடுத்த பொறகுதான் என் பூட்ட நான் எடுப்பேன். ஆறு மணிக்கு என் மொறை ஆரம்பிக்குது. அதுக்கு முன்னால வந்துரு."

"நான் வர முடியாது. எனக்கு வேலை இருக்கு."

"முடியாதுன்னா இங்கனயே ஒக்காந்திருக்கேன். நாலு நாளு பந்தலுக்கு அடியில ஒக்காந்தவளுக்கு ஃபேனுக்கு அடியில ஒக்காரத் தெரியாதா?"

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போயிட்டு வந்துருங்க மதன்குமார்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வெளியே வந்ததும் சின்னக்கருப்பு ஜீப்பின் முன்சீட்டைத் துண்டால் தட்டி விட்டார். "மேடம், மத்தியானம் நான் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன்."

"பேசலேன்னாதான் கருப்பண்ணே எனக்குப் பயமா இருந்திருக்கும். கடைக்குள்ளயே ஒங்க மொகம் மாறிருச்சு, அதப் பாத்துத்தான் ஸ்டீவன் நம்புனான்." ஜெபஷீலா பின்சீட்டில் ஏறினாள். முன்சீட்டில் மகாலட்சுமி உட்கார்ந்தாள், பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் போல நிமிர்ந்து.

"மெதுவாப் போங்கண்ணே" என்றாள். "பின்னால வர்றவுகளுக்கு வழி தெரியணும்ல."

சின்னக்கருப்பு அன்றைக்கு ராயப்பன்பட்டி வரைக்கும் ஜீப்பை இரண்டாவது கியரிலேயே ஓட்டினார். மதன்குமாரின் வெள்ளைக் கார், முந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், ஜீப் கிளப்பிய புழுதியைக் குடித்துக்கொண்டே பின்னால் வந்தது.